எரிமலைக்கல்லும் என்றும் வாழ் செடியும்

உயிர் ஒன்றனைப் பேணி வளர்ப்பதற்கு அன்பு ஒன்றே சாலும் என்பார் பலர். அன்பின் பெருமையை யாமும் மறுப்பேம் அல்லேம். ஆயினும், பேணப்படும் உயிரின் இயல்பை அறியாது செலுத்தப்படும் அன்பு அவ்வுயிர்க்கு ஆக்கம் தாராது; கேட்டையே தரும் என்பது எமது துணிபு. இத்துணிபினை எமக்கு உண்டாக்கியவை கையகலக் கரிய கல் ஒன்றும், அதன்மேல் யாம் நட்ட சிறு செடிகள் இரண்டுமே. அவற்றின் வரலாற்றையும், அவை பற்றிப் பின்னர் யாம் கற்றவற்றையும், அவற்றான் யாம் கொண்ட கருத்தையும் ஈண்டு உரைக்கப் புகுகின்றோம்.

சென்ற ஆண்டு விடுமுறை கழிந்து விடுதிக்கு மீண்டபொழுது, நீலகிரியினின்றும் வந்த எம் தோழர் ஒருவர் தம் இல்லத் தோட்டத்திலிருந்து இரண்டு செடிகளைக் கொணர்ந்தார். ரோஜா மலர் விரிந்தாற்போல இலைகள் வட்டமாய் அடுக்கப்பெற்று, ஒவ்வோர் இலையும் சதைப்பற்றுடன் திரண்டு, நுனியிற் செம்மை படர்ந்து அவை விளங்கின. "இவை கல்லிலும் வாழும், உறைபனிக்கும் அஞ்சா," என்றார் தோழர். உடனே யாம் நகரத்து மீன்தொட்டிக் கடையொன்றிற் சென்று, துளைகள் நிரம்பிய எரிமலைக்கல் ஒன்றை விலைக்கு வாங்கினோம். அதன் உச்சியில் உளிகொண்டு ஒரு குழி செய்தோம். மக்கிய சாணமும் வண்டலும் கலந்து அக்குழியை நிரப்பிச் செடிகளை நட்டோம். வெயில் சுடுமே என்று அறையின் உட்புறத்தே வைத்தோம். வாடுமே என்று காலையும் மாலையும் நீர் வார்த்தோம். ஒரு திங்கள் கழியுமுன் இலைகள் வெளிறி நீண்டன. பின்னர்க் கண்ணாடி போலத் தெளிந்து, தொட்ட அளவிலே குழைந்து வீழ்ந்தன. தோழர் நகைத்திலர். "நீர் வார்த்த நீரே அவற்றைக் கொன்றது," என்று மட்டும் கூறினார்.

அச்சொல் எம் நெஞ்சில் தைத்தது. யாம் செய்த பிழை யாது என்று அறியும் வேட்கை மிக்கு, அச்செடியின் பிறப்பிடத்தையும் அக்கல்லின் பிறப்பையும் ஆராயத் தலைப்பட்டோம்.

முதற்கண் செடியினைக் காண்பாம். அதனைத் தாவர நூலார் செம்பர்வைவம் என்பர். என்றும் உயிருடையது என்பது அவ்விலத்தீன் சொல்லின் பொருள். 1753-ஆம் ஆண்டில் லின்னேயஸ் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் அப்பெயரைத் தம் நூலிற் பதிவு செய்தார். ஆங்கிலர் அதனை ஹவுஸ்லீக் என வழங்குவர். ஆல்ப்ஸ் முதலிய ஐரோப்பிய மலைகளின் பாறை இடுக்குகளே அதன் தாயகம். கோடையில் ஆங்குப் பாறை கொதிக்கும். மாரியிற் பனி மூடும். உறைநிலைக்குக் கீழ் 25 பாகை வரை குளிர் இறங்கினும் அச்செடி மாயாது. மண்ணோ ஒரு பிடிதான். இத்துணை வன்மையுடைமை பற்றியே ஐரோப்பிய மக்கள் பண்டு தொட்டு அதனைத் தம் இல்லங்களின் கூரைமேல் நட்டு வந்தனர். 800-ஆம் ஆண்டினை ஒட்டிய காலத்தே, சார்லிமேன் பேரரசரின் பண்ணைகட்கு விதிக்கப்பட்ட கட்டளையில், தோட்டக்காரன் தன் வீட்டின்மேல் 'ஜுபிட்டரின் தாடி' எனப்படும் இச்செடியை வைத்திருத்தல் வேண்டும் என்று கூறப்பட்டுள்ளது. அஃது இடியினின்றும் இல்லத்தைக் காக்கும் என்பது அந்நாளைய மக்களின் நம்பிக்கை.

இனி, இச்செடிக்கும் எரிமலைக்கல்லுக்கும் உள்ள உறவு தோட்டக்காரர் புனைந்த ஒன்றன்று; இயற்கையே அமைத்தது. பிரெஞ்சு நாட்டின் நடுவண் ஓவேர்ன் என்னும் மலைப்பகுதி ஒன்று உளது. அவியுண்ட எரிமலைகள் ஏறத்தாழ 80 ஆங்கு வடக்குத் தெற்காக நிரல்பட நிற்கின்றன. அவற்றுள் உயர்ந்தது 1,465 மீட்டர் உயரமுள்ள புய் தெ டோம் என்பது. இம்மலைத்தொடரை 2018-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. அங்குள்ள கிளெர்மோன் ஃபெரான் நகரத்துப் பேராலயம் எரிமலைக்குழம்பு உறைந்த கரிய கல்லாலேயே கட்டப்பெற்றது. அதன் கட்டட வேலை 1248-இல் தொடங்கிற்று. மக்கள் ஆலயம் எடுத்த அக்கல்லின் இனத்துப் பாறைகளிலே செம்பர்வைவம் தானே வளர்கின்றது. அந்நாட்டின் பெயரையே தாங்கிய வகை ஒன்றும் அச்செடியினத்துள் உண்டு.

இனிக் கல்லின் இயல்பைக் கூறுவாம். நிலத்தின் ஆழத்தே உருகிக் கிடக்கும் பாறைக்குழம்பினுள் ஆவிகள் கரைந்து அடங்கியுள்ளன. அக்குழம்பு மேலெழுங்கால் அழுத்தம் குறைதலின், அவ்வாவிகள் குமிழிகளாகக் கிளம்புகின்றன. குமிழிகள் வெளியேறுமுன் குழம்பு உறைந்துவிடின், கல்லெங்கும் துளைகள் நிலைபெறும். நுரையே கல்லானாற் போன்ற வெளிய கல்லைப் பியூமிஸ் என்பர். அது நீரில் மிதக்கும். கருமையும் செம்மையும் உடைய கனத்த கல்லை ஸ்கோரியா என்பர், அது மூழ்கும். எரிமலைக்கல் அனைத்துமே துளையுடையன அல்ல என்பதும் அறியற்பாலது. அஜந்தாவிலும் எல்லோராவிலும் குடையப்பட்ட பாறையும் ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகட்கு முன் தக்காணத்தே பரந்து உறைந்த எரிமலைக்குழம்பே. ஆயினும், அது பெரும்பாலும் செறிந்து இறுகியது. அதிற் குழி செய்து நீர் வார்ப்பின் நீர் அக்குழியிலேயே தேங்கி நிற்கும். பிறிதொரு மயக்கமும் உண்டு. மேனாட்டுத் தோட்டக்காரர் பெரிதும் விரும்பும் டூஃபா என்னும் இலேசான கல், எரிமலையிற் பிறந்ததன்று. ஊற்றுநீரினின்றும் படிந்த சுண்ணாம்பாற் பிறந்தது. எரிமலைச் சாம்பல் இறுகியதனாலாய கல்லின் பெயர் டஃப் என்பது. பெயர் ஒத்தலின் வணிகரும் இவற்றை மாறிக் கூறுவர். வாங்குவார் விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

துளையுடைய கல் இச்செடிக்கு ஏற்றதாதல் எங்ஙனம்? மிகுந்த நீர் துளைகளின் வழியே விரைந்து ஒழுகிவிடும். சிறிதளவு ஈரம் நுண்டுளைகளில் தங்கும். வேர்களுக்குக் காற்று இடையறாது கிடைக்கும். செடியோ தனக்கு வேண்டும் நீரைத் தன் இலைகளிலேயே சேமித்து வைத்துள்ளது. ஆதலின், அதற்கு வேண்டுவது நீர்ப்பெருக்கம் அன்று, நீர் வடிதலே. இவ்வுண்மையை அறியாமையே எமது முதற்பிழை.

இச்செடி நீரைக் காக்கும் முறை வியப்பிற்குரியது. ஏனைச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமிலவாயுவை உட்கொள்ளும். அக்காலத்தே அவற்றின் நீரும் ஆவியாய்க் கழியும். செம்பர்வைவமும் அதன் சுற்றமும் நீர் குறைந்த காலத்தே இரவில் துளைகளைத் திறந்து, அவ்வாயுவைப் புளிப்புப் பொருளாக மாற்றிச் சேர்த்து வைக்கும். பகலில் துளைகளை அடைத்துக்கொண்டு, சேர்த்ததனை ஞாயிற்றின் ஒளியால் உணவாக்கும். ஆதலின் அவற்றின் இலைகள் விடியலிற் புளிப்பு மிக்கும், பொழுது ஏற ஏறப் புளிப்புக் குறைந்தும் இருக்கும்.

இதனை நாவினாற் சுவைத்து உலகிற்கு எழுதி அறிவித்தவர்களுள் ஒருவர் நம் நாட்டில் வாழ்ந்தவர் என்று கற்றபொழுது யாம் எய்திய உவகை பெரிது. பெஞ்சமின் ஹைனே என்பார் மொரேவிய மிஷனெரியாகத் தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர்ச் சென்னை மாகாணத்தே தாவர ஆராய்ச்சியாளராகப் பணியாற்றியவர். நம் சிறுவர் 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' என்று விளையாட்டாய்க் கூறும் ரணகள்ளியின் இலை, காலையிற் புளித்தும் நண்பகலிற் சுவையற்றும் இருத்தலை அவர் கண்டு எழுதினார். அவர்தம் கடிதம் இலண்டன் லின்னேயஸ் கழகத்தின் வெளியீட்டில் 1815-இல் வந்தது. ரணகள்ளியும் செம்பர்வைவமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தன. நம் வீட்டுப் புறக்கடையில் நிற்கும் செடியைப் பார்த்துப் பார்த்து நாம் அறியாத ஒன்றை, புதிதாய் வந்த ஒருவர் ஒரு சிறு இலையைச் சுவைத்து அறிந்தனர். அவர் செய்தது யாது? செடியைத் தம் விருப்பிற்கு வளைத்திலர். அதன் போக்கைப் பொறுமையுடன் கவனித்தனர். பேணுதலின் முதற்படி இதுவேயன்றோ?

இங்ஙனம் கவனித்து அறிந்தோர் குளிர்நாடுகளில் இச்செடியைக் கல்லில் வளர்க்கும் முறையைச் சுருங்கக் கூறுவாம். துளையுடைய எரிமலைக்கல் ஒன்றை எடுத்து, ஒரு சாண் அளவின் பாதி ஆழத்திற்குக் குழி செய்வர். சுற்றுச்சுவர் மூன்று விரற்கடைக்குக் குறையாது நிற்கும்படி பார்த்துக்கொள்வர். கண்ணிற் சில்லு தெறியாவண்ணம் கண்ணாடியும், கற்றூள் உட்புகாவண்ணம் மூக்கிற்குத் துணியும் அணிந்தே இவ்வேலையைச் செய்தல் நன்று. குழியின் அடியில் ஊடுருவும் ஒரு துளை இன்றியமையாதது. நீர் உறையுங்கால் நூற்றுக்கு ஒன்பது பங்கு அளவிற் பருக்கும். ஆகலின், குழியிலே தேங்கிய நீர் மாரியில் உறைந்து கல்லையே பிளத்தல் கூடும். மண் பாதியும், பரு மணலோ பியூமிஸ் துணுக்கோ பாதியும் கலந்து இடுவர், எரு இடார். எரு மிகின் செடி கொழுத்துத் தளரும். அதன் செம்மை மங்கும். இளவேனிலில் தாய்ச்செடியினின்றும் கன்றினைப் பிரித்து நட்டு, சிறு கற்களால் அசையாது இறுக்கி, கழுத்தினைச் சுற்றிச் சரளை பரப்புவர். வேர் ஊன்றும் வரை அளவாக நீர் வார்ப்பர். பின்னர் மண் நன்கு உலர்ந்த பின்பே வார்ப்பர். வெயில் நேரே விழும் திறந்த வெளியில் வைப்பர். ஸீடம் என்னும் கற்செடியினத்துட் பனி தாங்கும் சிறு வகைகளையும் இவ்வாறே வளர்ப்பதுண்டு.

ஆண்டு சில கழிந்தபின், ஒரு வட்டம் நடுவே நிமிர்ந்து நீண்டு பூக்கும்; பூத்த அவ்வட்டம் அத்துடன் மாண்டுபோம். அறியாதார் தம் செடி பட்டுவிட்டதென்று வருந்துவர். ஆனால் அதனைச் சூழ அதன் கன்றுகள் முன்னரே வேரூன்றி நிற்கும். என்றும் உயிருடையது என்னும் பெயர் தனி ஒரு வட்டத்திற்கன்று, அதன் குடிக்கே உரியது என்க.

தமிழ் பயிலும் எம்மனோர்க்கு இச்செய்திகள் ஒரு பழைய பாடத்தை நினைவூட்டுகின்றன. தொல்காப்பியனார் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். மரமும் மாவும் புள்ளும் பிறவும் கருப்பொருள் என்றார். கரு முதலைச் சார்ந்து நிற்பது. இதனைத் தேர்வின்பொருட்டு மனனம் செய்த யாம், செடி நடும்பொழுது மறந்தேம். குளிர்ந்த இரவும், காய்ந்த பாறையும், உறங்கும் மாரியும் உடைய திணையிற் பிறந்த ஒரு கருவினைப் பெயர்த்து, இரவும் புழுங்கும் சமவெளி அறையொன்றில் இட்டுச் சாணமும் நீரும் ஊட்டினோம். துளையில்லாக் குழியும் மிகுநீரும் இல்லாதிருப்பினும், இச்சமவெளியின் வெம்மையில் அது நெடிது வாழ்ந்திராது. எமது அன்பிற்குக் குறைவில்லை, குறைந்தது அறிவே.

ஈண்டு ஒருசாரார் வினவுவர்: "ஒரு செடி பட்டதற்கு இத்துணை ஆராய்ச்சி எற்றுக்கு? விலைக்கு வேறொன்று வாங்கலாமே" என்று. இவ்வினாவே எமக்கு அச்சம் தருவது. ஏனெனின், அறியாது விரும்புவோர் பலராகி, பட்டுப்போனதற்கு ஈடாக மீண்டும் மீண்டும் வாங்குவாராயின், எங்கோ ஒரு மலை வறிதாகும். இஃது எம் கற்பனையன்று. சதைப்பற்றுள்ள செடிகளின்மேல் உலகெங்கும் விருப்பம் பெருகியதன் பயனாக, கலிபோர்னியக் கடற்கரைப் பாறைகளிலே தாமே வளர்ந்த டட்லியா என்னும் செடிகளைக் கள்வர் ஆயிரக்கணக்கிற் பெயர்த்து அயல்நாடுகட்கு அனுப்ப முயன்று 2018-ஆம் ஆண்டில் அகப்பட்டனர். அவற்றைக் காக்கத் தனிச்சட்டம் ஒன்று 2021-இல் இயற்றப்பெற்று, 2022 முதல் நடைமுறைக்கு வந்தது. தென்னாப்பிரிக்காவின் வறண்ட நிலத்தே கூழாங்கற்களை ஒத்துக் கிடக்கும் கோனோஃபைட்டம் செடிகள், 2019 முதல் இலட்சக்கணக்கிற் களவாடப்பட்டன. அவற்றுட் சில, ஒரு குன்றின் சரிவிலன்றி உலகில் வேறெங்கும் வளராதன. அச்செடிகளை வாங்கினோர் கள்வர் அல்லர்; செடிமேல் அன்பு பூண்டவர்களே. எங்கிருந்து வந்தது என்று ஒரு சொல் வினவாமையே அவர்தம் குற்றம்.

கல்லின் நிலையும் அன்னதே. ஹவாயித் தீவின் எரிமலைத் தேசியப் பூங்காவினின்றும் கற்களை எடுத்துச் செல்லுதல் தடுக்கப்பட்டுள்ளது. அங்ஙனம் எடுத்துச் சென்றோர் பலர், பின்னர்த் தமக்கு நேர்ந்த இடர்களை அக்கல்லின் சாபம் எனக் கருதி அஞ்சி, அஞ்சல்வழித் திருப்பி அனுப்பி வருகின்றனர். சாபத்தை யாம் நம்புவேம் அல்லேம். ஆயினும், அச்சத்தாற் பின்னர்ச் செய்வதை அறிவினால் முன்னரே செய்யலாகாதோ? கல் உரிமம் பெற்ற சுரங்கத்தினின்றும் வந்ததாயின் வாங்குக. அன்றேல், சிமெண்டும் மணலும் மக்கிய தழையும் பிசைந்து கல்லைப் போன்ற தொட்டி செய்துகொள்க. பழைய கற்றொட்டிகள் அரியவாகிய காலத்தே பிரித்தானியத் தோட்டக்காரர் இவ்வழியையே கைக்கொண்டனர். மெய்யான எரிமலைக்கல்லின் அழகு அதற்கு இல்லை என்பதை ஒப்புக்கொள்கின்றோம். ஆயினும் நீர் வடியுமாயின் செடி அதனைப் பொருட்படுத்தாது. செம்பர்வைவமோ தானே கன்றீன்று பெருகுவது. ஒரு தோட்டத்துக் கன்று பல தோட்டங்களை நிரப்பும். அதன்பொருட்டு எம்மலையையும் வறிதாக்க வேண்டுவதில்லை.

ஆகலின் எமது கருத்து இது. ஒரு செடியை வளர்க்க விரும்புவோர், அதனை எத்தொட்டியில் வைப்பது என்று எண்ணுமுன், அது யாண்டுப் பிறந்தது, எதனை உண்கின்றது, எவர் கைவழியாக வந்தது என்னும் மூன்றனையும் வினவுதல் வேண்டும். இவற்றுக்கு விடை கிடையாதாயின், அதனை வளர்க்காது விடுதலே அதற்குச் செய்யும் அன்பு.

அக்கரிய கல்லை யாம் எறிந்திலேம். அதன் அடியிலே துளையிட்டு, பரு மணல் கலந்த மண்ணை இட்டு, விடுதிப் புறக்கடையில் நின்ற ரணகள்ளியின் இலை ஒன்றை அதன்மேற் கிடத்தினோம். மடகாஸ்கரிலிருந்து வந்ததேனும் இவ்வெம்மையை அது தாங்கும். இலையின் விளிம்பெங்கும் சிறு கன்றுகள் தோன்றி வேர்விட்டன. கல் இப்பொழுது வெயிலில் இருக்கின்றது. விரலாற் தொட்டு, மண் உலர்ந்ததைக் கண்ட பின்னரே நீர் வார்க்கின்றோம். ஒருநாள் விடியலிலும் அன்று நண்பகலிலும் இலைத்துணுக்கு ஒன்றை நாநுனியிலிட்டு உமிழ்ந்து பார்த்தோம். ஹைனே எழுதியது மெய்யே.

நீலகிரித் தோழர் அடுத்த விடுமுறைக்குப் புறப்பட்டபொழுது, "இன்னும் இரண்டு கன்று கொணர்வேனோ?" என்று வினவினார். "வேண்டா, அவை அங்கேயே வாழ்க. யாமே வந்து காண்பேம்," என்றோம். இவ்விதழைப் படிக்கும் பழைய மாணவருள் குளிர்மலைகளில் வாழ்வோர் உளராயின், அவர் தம் முற்றத்துக் கல்லொன்றில் அச்செடியை நட்டு மகிழ்வாராக. சமவெளியில் உள்ள நாமோ, நம் வெயிலுக்கு உரியதை நட்டு, அதன் இயல்பறிந்து பேணக் கற்போமாக.